கட்டைவிரல் அளவில் ஒரு கட்டில்

வாயைத் திறந்தால்தான் மானம் போகும் என்று நினைத்திருந்தேன். அதனால் அதிகம் பேசமாட்டேன். ஆனால் ஒருமுறை கட்டைவிரலை நீட்டியதற்கே போனது.

தங்கை மகள் கல்யாணம். நான் தாய்மாமன். கட்டில் என் சீர். (எங்கள் பக்கம் சீர்ச் சாமான்களை மண்டபத்தில் வரிசையாக வைப்பார்கள். வருகிறவர்கள் பீரோவைத் திறந்து பார்ப்பார்கள், கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள். பெண்ணைப் பிறகு பார்ப்பார்கள்.)

தங்கை முன்பே சொல்லியிருந்தாள். “அண்ணா, அவுங்க பெரிய எடம். சீர்ல ஒரு கொறை சொல்ற மாரி வெச்சிடாதண்ணா. நாளைக்கு எம்பொண்ணுதான் பேச்சு கேக்கணும்.”

தலையாட்டினேன்.

ஆம்பூரில் வாங்கிய கட்டில் பிரித்த பாகங்களாக வீட்டுக்கு வந்தது. போல்ட் பை வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஒரு காலில் மட்டும் ஒரே ஒரு போல்ட் மாட்டியிருந்தது. கழற்றினேன்.

“அதயே எடுத்துனு போயி கடையில காட்டுங்க. வேல முடிஞ்சுது” என்றாள் மனைவி.

கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அவளுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. சூப்பர்வைசர் இங்கிலீஷில் அனுப்புவதைப் படித்துச் சொல்ல அவள் ஃபோனில் ஒரு ஏஐ வைத்திருக்கிறாள். போட்டோ காட்டினால் எந்தப் பொருளையும் சொல்லிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கும் இதெல்லாம் வரும் என்று அவளுக்குக் காட்ட ஆசை.

அவள் ஃபோனிலேயே போட்டோ எடுத்தேன். “அளவு தெரிய, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுங்கள்” என்றது ஏஐ. நாணயத்துக்கு எங்கே போவது? இப்போது டீக்குக்கூட ஃபோனில்தான் கொடுக்கிறோம். கட்டைவிரலை வைத்தேன்.

அந்த விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. ஈரத்தோலைப் பிடித்து இழுத்து இழுத்து அகலமான விரல். ஒருமுறை மிஷினில் நசுங்கி இன்னும் கொஞ்சம் அகலம். ரேகையும் அழிந்துபோனது. ரேஷன் கடை மிஷின் மாதாமாதம் என்னை நான் இல்லை என்று சொல்லும். அப்படிப்பட்ட விரலைச் சாதாரண விரல் என்று நம்பி ஏஐ கணக்குப் போட்டது.

“விரலோடு ஒப்பிட்டால் இது ஆறு எம்எம் போல்ட்டாக இருக்கலாம். வாங்கும் முன் அளந்து பாருங்கள்.”

முதல் வரி பிடித்திருந்தது. இரண்டாவதை விட்டுவிட்டேன்.

போல்ட்டைச் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

“சாம்பிள் இருக்குதாங்க?” என்றார் கடைக்காரர்.

ஃபோனை நீட்டினேன்.

“இது போட்டோ. போல்ட்டு?”

“ஏஐ சொல்லிச்சி. ஆறு எம்எம்.”

ஃபோனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அதுவே சொல்லிச்சின்னா நான் இன்னா சொல்றது” என்று எடுத்துக் கொடுத்தார். (பையிலிருந்த போல்ட்டை ஏன் எடுக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.)

அன்று ராத்திரியே ஒடுகத்தூர் கல்யாண மண்டபத்தில் கட்டிலைப் பூட்டினேன். ஓட்டைக்குள் போல்ட் லொடலொடவென்றது. எங்கள் ஊரில் கதவு ஆடினாலும் மேஜை ஆடினாலும் ஒரே வைத்தியம், தோல் துண்டு. வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, வாஷராக வைத்து முடுக்கினேன். ஆட்டம் நின்றது.

“இன்னாங்க, போல்ட்டு கொழந்த வெரலாட்டம் இருக்குது?” என்றாள் மனைவி.

“ஏஐ” என்றேன்.

காலையில் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கஞ்சி போட்ட வேட்டி. சிரிக்காத முகம். “சீர் கட்டில்ல பெரியவங்க ஒக்காருங்க, ஒரு போட்டோ” என்றார் போட்டோகிராபர். சம்பந்தியும் அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

தோல் துண்டு பிதுங்கியது. போல்ட் வளைந்தது. பெரிய சத்தம் இல்லை, யாரோ பெருமூச்சு விட்ட மாதிரிதான். மூன்று பேரும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையோடு, வரிசை கலையாமல் தரைக்கு வந்தார்கள். போட்டோகிராபர் அதையும் எடுத்துவிட்டார்.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடிப்போய்ச் சம்பந்தியைத் தூக்கக் குனிந்தேன். முந்தின நாள் சட்டையை மாற்றியிருக்கவில்லை. அதன் பையிலிருந்து பழைய போல்ட் விழுந்து அவர் கால் பக்கம் உருண்டது. எடுத்தார். வளைந்த போல்ட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது எங்கேந்து வந்துச்சி?”

“பையிலேந்து.”

“எப்பலேந்து இருக்குது?”

“கடைக்குப் போறதுக்கு முன்னாலேந்து.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“வெரலக் காட்டுங்க” என்றார். காட்டினேன். தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தம்பிகளும் ஆளுக்கொரு முறை வைத்துப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே மெத்தையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“மெத்த நல்லாதான் இருக்குது.”

தம்பிகள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். சம்பந்தி கடைக்கு ஆள் அனுப்பினார், பழைய போல்ட்டைக் கையில் கொடுத்து. “இதக் காட்டு. போட்டோ புடிக்காத.”

தாலி நேரத்துக்கு ஏறியது. கட்டில் இன்றும் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் பாய் போடுகிறார்கள். ஆல்பத்தில் முதல் படமும் அந்த மூன்று பேர்தான்.

போன மாதம் தங்கை மகளின் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். சம்பந்தி ஃபோன் செய்தார்.

“கொக்கி மாட்டணும். மருமகளோட தாய்மாமன் இல்லாம எப்டி, வந்துடுங்க. வெரல மட்டும் வூட்ல வெச்சிட்டு வாங்க.”

போனேன். அவர்கள் மாட்டி முடிக்கும்வரை கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன்.