பரமானந்தம் வீட்டு மூலை

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்துச்சு. எந்தக் காடுன்னு கேக்காதீங்க. சொன்னா அந்தக் காட்டு மேஸ்திரி உங்க வீட்டுக்கும் வந்து நிப்பான், அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க.

முள்ளம்பன்றி பேரு பரமானந்தம். பேருதான் அப்படி, தொட்டதுக்கெல்லாம் கோபம் வரும். அவன் பொஞ்சாதி கோமளா நிறைமாசம். மழைக்காலம் வேற நெருங்குது. அவங்க வளையில ஒரு மூலை மட்டும் லேசா ஒழுகிட்டு இருந்துச்சு.

"ஏங்க, அந்த மூலையை மட்டும் அடைச்சுக் குடுத்துடுங்க," கோமளா கேட்டாள். "பிள்ளை பொறக்கறப்ப ஒரு காஞ்ச இடம் இருந்தா போதும். வேற எதுவும் வேணாம்."

என்ன பெரிய வேலை? ஒரு கூடை களிமண்ணு அப்பினா முடிஞ்சுது. ஆனா பரமானந்தம் எதையும் முறையா செய்யணும்னு நினைக்கிற ஆளு. "பிள்ளை படுக்கப் போற இடம், பாதுகாப்பா இருக்க வேணாமா? தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுவோம்"னு பெருச்சாளி மேஸ்திரி ஏகாம்பரத்தைக் கூட்டிட்டு வந்தான்.

ஏகாம்பரம் மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. நடுச்சுவரை வாலால தட்டினான், காதை வெச்சுக் கேட்டான், உச்சுக் கொட்டினான்.

"சார், ஒரு மூலைக்காக ஆளை இறக்கினா கட்டுப்படியாகாது. கையோட கையா இந்தச் சுவரையும் எடுத்துட்டா ஹால் பெருசாயிடும்."

"சுவரை எடுத்துட்டா கூரை எது மேலய்யா நிக்கும்?"

"என் அனுபவத்து மேல நிக்கும் சார். முப்பது வருஷ அனுபவம்."

பெருச்சாளிக்கு ஆயுசே ரெண்டு மூணு வருஷம்தான். அந்த இடத்துல யாராவது ஒருத்தர் யோசிச்சிருக்கக் கூடாதா?

சுவர் போச்சு. கூரை தொங்குச்சு. ஏகாம்பரம் ரெண்டு மூங்கிலை முட்டுக் குடுத்துட்டு, "இப்ப இதான் சார் ஃபேஷன்"னான். பரமானந்தத்துக்கு வந்துச்சு பாருங்க கோபம்! உடம்புல இருந்த முள்ளு மொத்தமும் எழுந்து நின்னு, தொங்கின கூரையில சதக் சதக்குனு குத்தி, வானம் தெரியற வரைக்கும் ஓட்டை போட்டுடுச்சு.

"பாத்தீங்களா சார், கூரையே உளுத்துப் போயிருக்கு. நல்ல வேளை, நான் இருக்கறப்ப தெரிஞ்சுது. கையோட கையா ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம்."

தேக்கிலையில ஃபால்ஸ் சீலிங் போட்டான். அப்புறம் வாஸ்து சரியில்லைன்னு அடுப்படியை அக்னி மூலைக்கு மாத்தினான். முள்ளம்பன்றிக்கு ஏதுங்க அடுப்பு? அது கிழங்கைப் பச்சையா கடிக்கிற ஜீவன். பரமானந்தத்துக்கு மறுபடியும் கோபம், மறுபடியும் ஓட்டை. ஓட்டையைப் பார்த்து மேஸ்திரி புது வேலை சொல்லுவான். அதைக் கேட்டு இவனுக்கு இன்னும் கோபம் வரும். இப்படிப் போனா வேலை எந்தக் காலத்துல முடியும்?

கோமளா ஒரு நாள் அழுதே விட்டாள். "அந்த மூலையை எப்பங்க அடைப்பீங்க?"

"அது ஃபினிஷிங்ல வரும்மா," மேஸ்திரி சொன்னான். "நாளைக்கு ஒரு விசேஷம், போயிட்டு வந்து முடிச்சுக் குடுத்துடறேன்." போனவன் போனவன்தான்.

மழை பிடிச்சுக்கிச்சு. வெளியில விட்டாலும் வீட்டுக்குள்ள விடல. கோமளாவுக்கு வலி எடுத்துடுச்சு. பரமானந்தத்துக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மேஸ்திரியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து மூலையை அடைக்க வைக்கணும். ஆனா இவளை எப்படித் தனியா விடறது? அவளையும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு மேஸ்திரி வீட்டுக்கே போய் நின்னான்.

மேஸ்திரி இல்லை. அவன் பொஞ்சாதி கனகாம்புஜம் எட்டிப் பார்த்தாள். "நரி வீட்ல சுவர் இடிக்கப் போயிருக்காருண்ணே. அடக் கடவுளே, இந்த நிலைமையிலயா இவளை நடக்க வெச்சீங்க? நீ உள்ள வாம்மா."

உள்ளே நுழைஞ்ச பரமானந்தம் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். பழைய வளை, சுவரெல்லாம் கோணல் மாணல். ஆனா ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"எப்படிம்மா வீட்டை இப்படி வெச்சிருக்கீங்க?"

"இவரை இங்க ஒரு ஆணி அடிக்க விட்டதில்லண்ணே."

அங்கேயே பிரசவம் ஆச்சு. ரெண்டு குட்டிங்க. காஞ்ச சருகு மேல படுத்து நிம்மதியா தூங்குச்சுங்க. பரமானந்தம் வாசல்ல உக்காந்து சந்தோஷத்துல விக்கி விக்கி அழுதான்.

அப்பத்தான் ஏகாம்பரம் சேறும் சகதியுமா வந்து சேர்ந்தான். கனகாம்புஜம் வாசல்லயே மறிச்சாள். "பச்சை உடம்புக்காரி இருக்கா, இந்தக் கோலத்துல உள்ள வராதீங்க. இவங்க வீடு காலியாத்தானே கெடக்கு? அங்க போய் இருங்க. நீங்க பார்த்த வேலை, உங்களுக்குப் பிடிக்காமயா போயிடும்?"

பரமானந்தம் முள்ளை லேசா சிலிர்த்துக் காட்டினான். மேஸ்திரி நடையைக் கட்டினான்.

அங்க போனவன் நனைஞ்சு நனைஞ்சு தும்மித் தள்ளிட்டான். தாங்க முடியல. உடும்பு மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினான்.

உடும்பு வந்து அண்ணாந்து பார்த்துச்சு, தலையில அடிச்சுக்கிச்சு. "ஐயய்யே! எந்தப் படுபாவிங்க இந்த வேலையைப் பார்த்தது?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தான். "யாரோ ஒருத்தன்ப்பா. நான் குடி வர்றதுக்கு முன்னாடியே செஞ்சுட்டு ஓடிட்டான்."

நீதி: வீட்டு வேலையைத் தொடங்குமுன் மேஸ்திரி கட்டிய வீடுகளைப் பார்க்க வேண்டாம்; அவர் குடியிருக்கும் வீட்டைப் பார்க்கவும். ஒழுகவில்லை என்றால், உங்கள் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே குடிபோகவும்.