நூற்றுக்கு முப்பத்தெட்டு

"முப்பத்தெட்டா?" கணவர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். "எத்தனைக்கு? அம்பதுக்கா?"

"நூத்துக்கு," என்றார் கணக்கு டீச்சர்.

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர் அவர். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றும் வாங்கியபோது, இன்சூரன்ஸ்காரர்கள் தனக்கே மார்க் போடுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

புதிதாக ஓட்டுகிறவர் என்றதுமே எல்லாக் கம்பெனிகளும் பிரீமியத்தை ஏற்றிச் சொல்லின. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான் வழி காட்டினார்.

"பெட்டித் திட்டம்னு ஒண்ணு இருக்கு டீச்சர். வண்டிக்குள்ள சின்னதா ஒரு பெட்டி வைப்பாங்க. நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு பாத்து வாராவாரம் மார்க் அனுப்பும். நல்லா ஓட்டுனா பிரீமியம் பாதி. என் சொந்தக் காருக்கும் அதையேதான் போடப்போறேன்."

டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கே கம்பெனி ஆள் ஒருவர் வந்து, ஒரே நடையில் இரண்டு கார்களுக்கும் பெட்டி பொருத்திவிட்டுப் போனார். மார்க் இருபதுக்குக் கீழே போனால் பாலிசி ரத்து. ஒரு கம்பெனி ரத்து செய்தவரை அடுத்த கம்பெனி வாசலில்கூட நிற்க விடாது.

முதல் வாரம் முழுக்க டீச்சர் மூன்றாவது கியரைத் தொடவே இல்லை. பாலத்தின் மேல் அவரை முந்திய சைக்கிள்காரர் ஒருவர், "வண்டி ரிப்பேராம்மா?" என்று அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போனார். அதற்குக் கிடைத்ததுதான் முப்பத்தெட்டு. காரணம்: வேக மீறல் ஒன்பது முறை, திடீர் பிரேக் பதினான்கு முறை.

"நான் எங்கங்க வேகமா போனேன்?"

"உனக்கு மெதுவாத்தான் தெரியும். பெட்டி பொய் சொல்லுமா?" என்ற கணவர், மறுநாளிலிருந்து மனைவியின் காரில் ஏறாமல் பஸ்ஸில் போகத் தொடங்கினார். "நம்ம பொண்ணுக்கு ரெண்டு பேர்ல ஒருத்தராவது வேணும் பாரு."

மார்க்கைப் பார்த்த மாஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "என் மானமே போச்சு டீச்சர். நாளையிலருந்து காலையில ஆறு மணிக்கே வந்துடுங்க. உங்களுக்காக நான் சீக்கிரம் கிளம்பி வரேன்."

வந்தார். ஆறு அடிக்கும்போது தன் காரை ஸ்கூல் வாசலில் கிறீச்சென்று நிறுத்தி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி, வாயோரத்தில் பற்பசையோடு ஓடிவந்து டீச்சரின் காரில் ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டே, "அவசரம் கூடாது. அதுதான் முதல் பாடம்," என்றார்.

இரண்டாம் வாரம் மார்க் முப்பத்தொன்று.

"காலையில மட்டும் போதாது. சாயங்காலமும் வாங்க," என்றார் மாஸ்டர்.

சாயங்காலமும் போனார். மூன்றாம் வாரம் இருபத்தைந்து.

மாஸ்டர் தன் கைப்பேசியை நீட்டினார். "இங்க பாருங்க, தொண்ணூத்தாறு. அதே பெட்டி, அதே ரோடு. எங்க வித்தியாசம்?"

அன்று வகுப்பில் டீச்சர், ஒரு மாணவியின் தாளில் முப்பத்தெட்டு என்று எழுதக் கை வராமல் நாற்பதாக்கினார். கூடுதலாக இரண்டு மார்க் எங்கிருந்து வந்ததென்று அந்தப் பெண் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வழிதான் பாக்கி," என்றார் மாஸ்டர். "ஒரு வாரம் காரைத் தொடாதீங்க. மார்க் இருக்கிற இடத்துலயே நிக்கட்டும். வகுப்புகளுக்கு நடுவுல நானே உங்க வீட்டுக்கு வந்து போர்டு போட்டு நடத்துறேன்."

காருக்குத் தார்ப்பாய் போர்த்தப்பட்டது. மாஸ்டர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பறந்துவந்து, பிரேக்கைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று பறந்துபோனார்.

நான்காம் வாரம் பத்தொன்பது.

கணவர் கைப்பேசியைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

"ஓட்டாமலே எப்படிம்மா இவ்வளவு மோசமா ஓட்டுன?"

இந்தக் கணக்கு எந்த வழியில் போட்டாலும் வராது என்று முதல்முறையாக டீச்சருக்குப் பட்டது. ரத்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனார். சிபாரிசுக்கு மாஸ்டரும் கூட வந்தார், தன் மார்க்கைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு.

"இந்த வாரம் நூத்துக்கு நூறும்மா," என்று கவுன்டர் பெண்ணிடம் சட்டத்தை நிமிர்த்திக் காட்டினார். "இவங்க பாவம், புதுசு. ஓட்ட வரல. ஆனா நான் உருவாக்கிடுவேன். கொஞ்சம் பாத்து செய்யுங்க."

"வண்டியே வெளிய எடுக்கலம்மா," என்றார் டீச்சர் மெல்லிய குரலில். "அப்புறம் எப்படி மார்க் குறையும்?"

கவுன்டர் பெண் இரண்டு கார்களின் எண்களையும் கேட்டுத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். எழுந்துபோய் உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு, முகம் சிவக்கத் திரும்பிவந்து உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம், மாட்டும்போதே ரெண்டு பெட்டியும் மாறிப்போச்சு. சார் சட்டம் போட்டு வெச்சிருக்கிறது உங்க மார்க்."