பூசைக்குப் போன செம்புச் சுத்தியல்

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இருந்தார். கலா அக்கா இருந்தார். அக்காவின் கணவர் தங்கராஜ் மச்சான், தன் கையாலேயே கட்டிய ஸ்போர்ட்ஸ் காருடன் இருந்தார். கொழும்பிலிருந்து சில்வா மாத்தயா (சிங்களத்தில் ஐயா) வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயம், கீழ் லயம் இரண்டிலும் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ரோட்டில் நின்றார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கம்பஸ் வரை போய் பௌதிகம் படித்த நானும் இருந்தேன் (அதுதான் பிரச்சினையே). வராதது ஒன்றே ஒன்று. செம்புச் சுத்தியல்.

மச்சான் நுவரெலியாவில் ஒரு கராஜில் வேலை செய்கிறார். அந்தக் காரைப் பற்றி எனக்கு இன்றும் அடக்கமாகப் பேச வராது. சட்டம் முழுக்க அவர் வெல்டிங் செய்தது. மோதி நொறுங்கிய வேன் ஒன்றின் எஞ்சின். அலுமினியத் தகட்டை, மணல் நிரப்பிய தேயிலைச் சாக்கின் மேல் வைத்துத் தட்டித் தட்டியே மூக்கு வளைவை எடுத்தார். படுத்திருக்கும் பூனை மாதிரி இருக்கும். பச்சை நிறம். மழை பெய்து வெயில் அடித்தால் தேயிலைக் கொழுந்துக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாது.

சக்கரங்கள் மட்டும் சில்வா மாத்தயா கொடுத்தவை. பழைய கார்கள் சேர்க்கிற மனிதர். "இந்த வீல் நாலையும் பூட்டி ஓட்டிக் காட்டுங்க, எனக்கும் ஒரு கார் கட்ட ஓடர் தாறேன்" என்றிருந்தார். அந்த ஓடரின் முற்பணம் கிடைத்தால் மச்சான் கராஜை விட்டுவிட்டு, நானுஓயாச் சந்தியில் சொந்தமாக ஒரு பட்டறை போடலாம். அக்கா அதற்குப் பெயர்ப் பலகையின் நிறம்கூடத் தீர்மானித்துவிட்டார்.

அவை 'பின் டிரைவ்', அதாவது ஊசியில் மாட்டுகிற சக்கரங்கள். சாதாரணச் சக்கரத்தை நாலைந்து நட்டுப் போட்டு இறுக்குவோம். இதில் அச்சுத் தட்டிலிருந்து தடித்த ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் துளைகள் அந்த ஊசிகளில் போய் உட்கார வேண்டும். பிறகு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு இரண்டு காதுகள். ஸ்பானர் கிடையாது. காதில் செம்புச் சுத்தியலால் அடித்துத்தான் இறுக்க வேண்டும். இரும்பால் அடித்தால் காது சிதைந்துவிடும்.

ஊசி உள்ள தட்டுகள் எங்கும் கிடைக்கவில்லை. தோட்டத்து லொறியின் தேய்ந்த அச்சு ஒன்றை வாங்கி, மச்சானே லேத்தில் கடைந்தார். முதல் சக்கரத்தைத் தூக்கி ஊசிகளில் தள்ளியபோது, காற்று பிதுங்குகிற சத்தத்தோடு வழுக்கிக்கொண்டு போய் டொக்கென்று உட்கார்ந்தது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டினேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கஷ்டம் என்னவென்றால், அன்று ஆயுத பூசை. சக்கரங்கள் பெயின்ட் அடித்துத் திரும்பி வந்ததே மத்தியானம்தான். அதற்குள் காலையிலேயே அம்மா வீட்டிலிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, செம்புச் சுத்தியல் உட்பட மச்சானின் சாமான்கள் எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, கீழே கோயிலில் கொண்டுபோய் அடுக்கிவிட்டார். வாளியில் தூக்கிக்கொண்டு போனவன் நான். அம்மன் காலடியில் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. சில்வா மாத்தயாவோ அன்று சாயங்காலமே கொழும்புக்குக் கிளம்புகிறார்.

விறகுக்கட்டையால் அடிக்கலாமே என்றேன்.

"எத வச்சு அடிச்சாலும் அது ஆயுதந்தாண்டா," என்றார் அம்மா. "இன்னைக்கு அது ஓய்வா இருக்கணும்."

மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ படிச்சவன். என்ன சொல்ற?"

இப்படி ஒருவர் கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இந்த நட்டுகளில் இடப்பக்கத்து மரை ஒரு திசை, வலப்பக்கத்து மரை எதிர்த்திசை. ஆகவே கார் ஓட ஓட நட்டு தானாகவே இறுகும் என்று, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி விளக்கினேன். கையால் இறுக்கினால் போதும், மிச்சத்தைப் பௌதிகம் பார்த்துக்கொள்ளும். சில்வா மாத்தயாவே தலையாட்டினார். நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை. முன்னால் ஓடினால், என்பதை மட்டும் அழுத்திச் சொல்லவில்லை.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுக்கிக்கொண்டு கார் புறப்பட்டது. மச்சான் ஓட்ட, நான் இடப்பக்கம். ஏற்றத்தில் அது ஏறிய அழகை என்ன சொல்வது. கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை போனோம். அங்கே கொழுந்து லொறி பாதையை அடைத்து நின்றது. திருப்ப இடமில்லை. ரிவேசில்தான் இறங்கியாக வேண்டும்.

கார் மிகத் தாழ்வு. முன்சக்கரம் என் கண்ணுக்கு நேராகத் தெரியும். பின்னால் இறங்க ஆரம்பித்ததும், நட்டின் காதுகள் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுழல்வதைப் பார்த்தேன். முன்னால் போனால் இறுகும், பின்னால் போனால் கழலும். நான் சொன்னது சரிதான் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். (உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.) கத்த வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

"மச்சான், நட்டு..."

நட்டு ரோட்டில் விழுந்தது. சக்கரம் ஊசிகளை விட்டு மரியாதையாக வெளியே வந்து, எங்களை முந்திக்கொண்டு, கூட்டம் பார்த்திருக்க ரோட்டை விட்டு இறங்கியது. தேயிலைக்கு நடுவே இருந்த நடைபாதையைப் பிடித்து, தண்ணீர்க் கானைத் தாண்டிக் குதித்து, நேரே கோயிலுக்குப் போனது. அங்கே ஆளில்லை. பூசாரி உட்பட எல்லாரும் மேலே கார் பார்க்க வந்திருந்தார்கள். இருந்தது, பூசை முடிந்து கொடுப்பதற்காக அவித்து வைத்திருந்த கடலை அண்டா.

அந்தச் சத்தம் இரண்டு லயத்துக்கும் கேட்டது.

கார் மூன்று சக்கரத்தில், கவிழாமல், அந்த இடத்திலேயே நின்றது. மச்சான் ஸ்டியரிங்கை விடவில்லை. பட்டறை போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. சில்வா மாத்தயா ஓடிவந்து, வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் முழங்கால் போட்டு அடியில் பார்த்தார். சட்டத்தில் ஒரு வளைவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். ஒன்றும் நெளியவில்லை.

"ரோதய கோ?" என்றார்.

சக்கரம் எங்கே என்று கேட்கிறார். கூட்டமே கீழே கையைக் காட்டியது. எல்லாரும் இறங்கினோம். சக்கரம் கடலைக்கு நடுவே, அம்மனுக்கு முன்னால், செம்புச் சுத்தியலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பெயின்டில் கீறல்தான்.

"தேடிப் போயிருச்சு பாரு," என்றார் அம்மா.

சில்வா மாத்தயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மச்சானின் கையைப் பிடித்தார். "ஓடர் உங்களுக்குத்தான். இந்த ஊசிய வேற யாரு கடைஞ்சாலும் இப்பிடி வராது. ஆனா இந்தத் தம்பி நட்டுப் பக்கம் வரக்கூடாது."

பட்டறை இப்போது நானுஓயாவில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் எல்லாச் சாமானும் அம்மன் முன்னால் போகும். செம்புச் சுத்தியலுக்கு மட்டும் பூசையிலிருந்து அம்மாவே விலக்குக் கொடுத்துவிட்டார். நான் பரீட்சைக்குப் போனாலும் சரி, பெண் பார்க்கப் போனாலும் சரி, வாசலில் அக்கா கேட்பது ஒன்றுதான்: "ரிவேஸ் யோசிச்சியா?"

அன்றைய செலவைத் தானே தருவதாகச் சில்வா மாத்தயா சொன்னார். மச்சான் விடவில்லை, எங்கள் சக்கரம், எங்கள் கடலை என்றுவிட்டார். இரண்டு லயத்துக்கும் மறுபடி அவித்த கடலை, தேங்காய், அண்டாவின் ஒடுக்கு எடுத்த கூலி, எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து அறுநூறு ரூபாய்.