வலிப்பு ஜீப்பும் தொலைந்துபோன பெண்ணும்

நாயுடுபேட்டையிலிருந்து குடிபாலா வரை நான் பார்க்காத கூத்து கிடையாது. ஆனால் வலிப்பு டாக்டரைப் போல மோசமாக நடிக்கிற ஒருவரை இந்தப் பூமி இனிமேல் பெறப்போவதில்லை.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், அப்புறம் கொஞ்ச காலம் சும்மா என்று சுற்றிவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பதியில் அவருடைய ஜீப்புக்கு டிரைவரானேன். பிள்ளைகளுக்கு வரும் வலிப்புதான் அவருக்குப் படிப்பு, பிழைப்பு, பொழுதுபோக்கு எல்லாம். அதில் ஒரு வகை, பிள்ளைகள் வளர்ந்ததும் தானாகவே நின்றுவிடும் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க, அதே பிள்ளைகளை வருடாவருடம் ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பார்த்துவந்தார்.

தாய்மார்கள் வலிப்பைப் பற்றி வாய்திறக்கக் கூசுவார்கள். அதனால் இவரே நடித்துக் காட்டி, "இப்படியா வருது?" என்று கேட்பார். ஒருமுறை காளஹஸ்தி பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மாளுக்காகத் தரையில் விழுந்து கைகால்களை உதறினார். கூட்டம் பாய்ந்து வந்தது. சைக்கிள் சாவி, பெட்டிச் சாவி, கடைச் சாவி என்று கைக்கு வந்த இரும்பையெல்லாம் அவர் உள்ளங்கையில் திணித்தார்கள். ஒருவன் சோடாவை உடைத்து முகத்தில் ஊற்றினான்.

"சாவி வேணாம்பா! ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும்!" என்று கத்தினார் டாக்டர்.

"ஐயோ பாவம், பேச வேற பேசிக்கினு கீறாரே, ரொம்ப முத்திப்போச்சி" என்ற பூக்காரம்மா தன் வீட்டுச் சாவியையும் கொடுத்தாள். எந்தச் சாவி யாருடையது என்று பிரித்துக் கொடுப்பதற்குள் எனக்கே வலிப்பு வந்துவிடும் போலிருந்தது.

நகரியில் ஒரு நெசவுக்காரரின் மகள். எட்டு வயது. பள்ளிக்கூட வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார். "எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று தாய் கதவை மறித்து நின்றாள். டாக்டர் வாசலிலேயே விழுந்து உருண்டு, ஊளையிட்டார்.

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயே! ஊளையெல்லாம் வுடமாட்டா சார். தூக்கத்துல வாய் ஒரு பக்கமா கோணிக்கும். எச்சி ஒழுவும். பேச வராது, ஆனா நம்மளையே பாத்துக்கினு இருப்பா."

டாக்டர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா என் முதுகு தப்பிச்சிருக்குமேம்மா. பயப்படாத. பதினஞ்சு பதினாறு வயசுல தானா போயிடும்."

அவளுக்குப் பதினாறு வயதானபோது அப்படியே போயிற்று. கடைசியாக ஒரே ஒரு பரிசோதனை பாக்கி. அது முடிந்தால், இந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிவந்த கட்டுரை முழுமையாகும். நாங்கள் போன அன்று, ஊர் எல்லையில் டீக்கடை அருகே நெசவுக்காரர் ஜீப்பை மறித்தார்.

"சார், பொண்ணப் பாக்க வந்துக்கினு கீறாங்க. இது வலிப்பு ஜீப்புன்னு சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். எங்க தெருவுல நின்னுச்சின்னா..." தாழ்ந்த குரலில் சொன்னவர், கும்பிட்ட கையை இறக்கவில்லை.

டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் தலையை வெளியே நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி அதட்டினார். "யாருய்யா நீ? புத்தூருக்கு வழி கேட்டா இவ்ளோ நேரமா சொல்லுவ? டிரைவர், வண்டியத் திருப்பு!"

"அப்ப உங்க கட்டுரை சார்?" என்று வழியில் கேட்டேன்.

"அது கெடக்குது போ."

கட்டுரை அச்சில் வந்தது. ஒரு பெண்ணின் இருப்பிடம் மட்டும் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். சில வருடங்கள் உலகத்தில் ஒருவரும் அதைச் சீந்தவில்லை. பிறகு வெளிநாட்டு டாக்டர் ஒருவர் தன் கட்டுரையில் இவரைக் குறிப்பிட்டார், ஒரே வரியில். ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் குணமாகும் என்று எப்படிச் சொல்லலாம் என்று. கூட வேலை செய்த டாக்டர்கள் சிரித்தார்கள். இவரோ வார்டு முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

"திட்டித்தான சார் எழுதிகீறான்?"

"திட்டறதுக்காவது படிச்சிருக்கணுமில்ல நைனா?"

"பொண்ணு நல்லா கீதுன்னு ஒரு வரி எழுதிப்போடுங்க சார். வாய மூடிக்குவான்."

டாக்டர் பதறிப்போனார். "அவ வூட்டுக்காரனுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா?"

அடுத்த வருடம் புத்தூர் ரயில்வே கேட்டில் எங்கள் ஜீப் நின்றது. பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு அந்த நகரிப் பெண். அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் எங்களைப் பார்த்துவிட்டாள். டாக்டரும் பார்த்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் மெதுவாகக் கேட்டார். "கொழந்த எப்படி கீது?"

"கொழுகொழுன்னு கீது சார்."

"அவ?"

"கொழந்தையோட கையப் புடிச்சி நமக்கு டாட்டா காட்டினா சார்."

ரேணிகுண்டா வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.