மாலையோடு வரும் வரி மேதை

அரசு ஊழியர் ஓய்வு பெறும் ஊரிலெல்லாம் ஒரு ஜீவன் தானாக முளைக்கும். அதற்குப் பெயர் வரி மேதை. உத்திரமேரூர்ப் பக்கம் அது வீராசாமி என்ற பெயரில் உரக்கடை வைத்திருக்கிறது. என்ன படித்தார்? கேட்டவர் யாருமில்லை. பணிநிறைவு விழா பேனரைக் கண்டால் போதும். மாலையும் சால்வையுமாக முதல் ஆளாக வந்து, விழா நாயகருக்குப் பக்கத்து இலையைப் பிடித்து, வாயில் பிரியாணி எலும்போடு வருமான வரிச் சட்டத்தை அடியிலிருந்து நுனிவரை ஒப்பித்துவிடுவார்.

மாகறல் இளவரசி, அரசு மருத்துவமனை நர்ஸ். அவர் ஓய்வு பெற்ற அன்றும் அந்தப் பக்கத்து இலை வீராசாமிக்கே கிடைத்தது. ஒழுகும் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடிவீடு கட்டவேண்டும். அந்த அம்மாள் இத்தனை காலம் நைட் டியூட்டி பார்த்ததே அதற்காகத்தான்.

"சிஸ்டர், கிராஜுவிட்டி, லீவு பணம்லாம் உங்க பேர்ல கீதுன்னா டாக்ஸ்காரன் பாதிய உருவிக்கினு பூடுவான். மருமவன் சுகுமார் பேருக்கு மாத்திடுங்க."

"மாசாமாசம் வர்ற பென்ஷன்?"

"அதுக்குக் கணக்கே காட்டாதீங்க. நான் கீறேன்ல?"

சட்டமோ நேர்மாறு. அரசு ஊழியருக்கு ஓய்வின்போது கிடைக்கும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கும் விடுப்புப் பணத்துக்கும் வரியே கிடையாது. மாதப் பென்ஷன்தான் வருமானக் கணக்கில் சேரும். பாவி மனுஷன், ஒன்றையாவது சரியாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

கணக்குக் காட்டவில்லை என்று நோட்டீஸ் வந்து, ஆடிட்டரிடம் ஓடியபோதுதான் அம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள், பேர் மாற்றிக் கொடுத்த பணத்தில் சுகுமார் வீட்டு வாசலில் புதுக் கார் நின்றது. கேட்டதற்கு, "உங்க பொண்ணு போய் வரத்தான் அத்தை" என்றார். ஓடு இன்னும் ஒழுகுகிறது.

அம்மாள் கடைக்கே போய் நின்றார். "ஏன்யா, என் வூட்டுக்கு இன்னா பதில்?"

"நான் சொன்னப்ப சரியாத்தான் இருந்துச்சு சிஸ்டர். அப்பால சட்டத்த மாத்திட்டானுங்க."

கூச்சமா? மேதைக்கா? ஐயங்கார்குளத்தில் ஒரு வாத்தியார் ஓய்வு பெறுகிறார், மாலைக்குச் சொல்லியாகிவிட்டது.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். அப்படியென்றால், ஓய்வு பெறப்போகும் சித்தப்பாவிடம் "பணிக்கொடைக்கு வரி இல்ல, நான் சொல்றேன்" என்று சொல்ல போனை எடுத்துவிட்டீர்களே, அதைக் கீழே வையுங்கள். நீங்கள் சட்டமா படித்தீர்கள்? ஒரு கேலிச் சித்திரத்தைத்தானே!