உடைந்த பானையில் என் பெயர்

நல்லது செய்யப் புறப்படுகிறவன் முதலில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முருகன் எனக்குப் பக்தியைத் தந்தான்; அந்தப் புத்தியைத் தரவில்லை.

கியூபெக் கனடாவை விட்டுப் பிரிவதா என்று வாக்கெடுப்பு நடந்த வருடம். சென்ட் லோரன்டில் வாடகை மண்டபத்தில் இருந்த எங்கள் கோயிலும் பிரியப் பார்த்தது. தலைவர் ஒரு பக்கம், செயலாளர் மறுபக்கம். வெள்ளிக்கிழமைகளில் அங்கே தேவாரம் பாடுகிறவன் நான். மற்ற ஆறு நாளும் ஒரு கிரேக்கரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். கோயில் உடைந்தால் எனக்குக் கோப்பைதான் மிச்சம்.

முதலாளி கோஸ்தாவிடம் சொல்லி அழுதேன். சனநாயகத்தைத் தொடங்கியதே தன் முன்னோர்தான் என்று அவர் நெஞ்சைத் தட்டினார். ஏதென்ஸில் சண்டை முற்றினால் எல்லோரும் உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறுவார்களாம். அதிகம் பேர் எழுதிய ஆள் பத்து வருடம் ஊரை விட்டுப் போகவேண்டுமாம், ஊர் தப்பிவிடுமாம்.

பத்து வருடத்தை ஒன்றாகக் குறைத்துக் கோயில் கூட்டத்தில் சொன்னேன். மற்றவன்தான் போவான் என்ற நம்பிக்கையில் இரு பக்கமும் சம்மதித்தது. அடுத்த கூட்டத்துக்குப் புதுப்பானை ஒன்றை உடைத்து, ஓடுகளைத் தாம்பாளத்தில் அடுக்கி, (என் பக்தியைப் பாருங்கள்) திருநீறும் தூவிக் கொண்டுபோனேன்.

செயலாளரின் மனைவி அலறினார்.

"ஐயோ அண்ணை! செத்தவீட்டிலை உடைக்கிற மாதிரி உடைச்சுக் கோயிலுக்கை கொண்டந்திருக்கிறியளே!"

"இது புதுப்பானை, தங்கச்சி."

"செத்தவீட்டுக்கும் புதுப்பானைதான்!"

தலைவர் மட்டும் அமைதியாகச் சொன்னார்: "கொண்டந்தாச்சு, எழுதுவம். ஆர் போகவேணுமெண்டு இப்ப எல்லாருக்கும் விளங்கும்."

முப்பத்தொரு ஓடுகள். முப்பதில் என் பெயர். மிச்சம் ஒன்று நான் எழுதியது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"சாமிக்குத்தம் வந்திடுமெண்டு பயத்திலைதான் எழுதினனான், இஞ்சாருங்கோ," என்றாள்.

தலைவரும் செயலாளரும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒத்துப்போனார்கள். கோயில் பிரியவில்லை. ஒரு வருடம் பாத்திரத் தொட்டிக்குத் தேவாரம் பாடினேன். திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறொருவர் பாடிக்கொண்டிருந்தார். என்னைவிட நன்றாகவே பாடினார், அதுதான் பொறுக்கவில்லை.

இன்றைக்கும் வீட்டில் ஒரு பீங்கான் கைதவறி உடைந்தால், பிள்ளைகள் ஓடிவருவார்கள்: "அப்பா, பேனை தரட்டோ? ஆற்றை பேர் எழுதுறது?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மனைவி மட்டும் சிரிப்பதில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்குவாள்.