முச்சந்தியில் ஆறு வீடுகள்

இணையம் இன்று மனிதனின் அடிப்படைத் தேவை என்று கைபேசி நிறுவனமே விளம்பரத்தில் அறிவித்திருக்கிறது. எங்கள் தெருத் தையல்காரர் அதை நம்பிவிட்டார். வினையே அங்குதான் ஆரம்பித்தது.

அவர் மகளுக்கு அதே நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்பதால் தேர்வும் வீட்டிலிருந்தே நடக்க வேண்டும். அங்கே நிறுவனத்தின் இணையம் நன்றாக வர வேண்டும் என்பது விதி. இரண்டு வருஷமாக வேலை தேடிக் களைத்த பெண். இதுவும் கைநழுவினால் உடைந்துபோவாள் என்று அப்பாவுக்குப் பயம். வீட்டிலோ சிக்னல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முச்சந்தி மருந்துக்கடை வாசலில் நின்றால்தான் கிடைக்கும்.

திங்கட்கிழமை அங்கே நின்று சேவை மையத்தை அழைத்தார். எடுத்தவர் குமாஸ்தா அல்ல, அந்தக் காலம் மலையேறிவிட்டது. 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்'.

"வீட்டுல நெட்டே வரலைங்க."

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம் சார். இப்ப வீட்டுல இருந்தா பேசறீங்க?"

"வீட்டுல இருந்து எப்படிங்க பேசறது? முச்சந்தியில நிக்கறேன்."

"அங்க சிக்னல் நல்லா இருக்கே சார்."

"அதனாலதான் இங்க நிக்கறேன்!"

"புகார் வீட்டைப் பத்தினது சார். வீட்டுக்குப் போங்க. நாங்களே கூப்பிட்டு உறுதி செஞ்சுக்கறோம்."

போனார். ஒரு மணி நேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வாயைத் திறக்கவில்லை. மறுபடி முச்சந்திக்கு வந்ததும் குறுஞ்செய்தி விழுந்தது: 'தங்களை மூன்று முறை அழைத்தோம். தாங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தமையால் தங்கள் புகார் இனிதே முடித்துவைக்கப்பட்டது.'

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் செய்தார். முச்சந்தியில் நின்றுகொண்டே வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"வீட்டுல இருந்தே பேச முடியுதே சார்! ரொம்ப சந்தோஷம்" என்று அதையும் முடித்துவைத்தார்கள்.

புதன்கிழமை கத்தினார். அதற்குப் பலன் இருந்தது. பொறியாளர் நேரில் ஆய்வு செய்து, தேவையென்றால் தெருவுக்கே ஒரு கோபுரம் வைப்பாராம். எப்போது? விரைவில்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வருவாராப்பா?" என்றாள் மகள்.

"அவங்க விரைவை நம்பி நாம உக்கார முடியாதும்மா" என்று கத்தரிக்கோலை எடுத்தார் அப்பா.

வெள்ளிக்கிழமை காலை மருந்துக்கடை வாசலில் ஒரு வீடு எழும்பியது. இளநீலத் துணியில் சுவர், அதில் தைத்த ஜன்னல், ஜன்னலுக்கு நிஜமான திரை. காற்றில் சுவர் ஆடாதபடி பின்னால் நின்று அப்பா பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல எங்க நெட் எப்படிம்மா?" என்றார் தேர்வாளர்.

"பிரமாதம் சார்."

"ஏதோ லாரி போற சத்தம் கேக்குதே?"

"அப்பா தூங்கறார் சார். குறட்டை."

அப்பா சுவருக்குப் பின்னாலிருந்து நின்றபடியே இரண்டு குறட்டை விட்டார். வேலை கிடைத்துவிட்டது.

சும்மா இருக்குமா தெரு? ஆளாளுக்குத் துணியோடு தையல்காரரிடம் ஓடினோம். இரண்டே மாதத்தில் ஆறு பிள்ளைகளுக்கு அதே நிறுவனத்தில் வேலை, முச்சந்தியில் ஆறு துணிவீடுகள். கடைக்குள் நுழைய வழியில்லை என்று மருந்துக்கடைக்காரர் முணுமுணுக்கவில்லை. மூன்றாவது வீட்டில் அவர் மகன். ஐந்தாவதில் என் மகன்.

அப்போதுதான் பொறியாளர் விரைந்து வந்து சேர்ந்தார். தையல்காரரின் அசல் வீட்டு வாசலில் கைபேசியைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். நல்ல மனுஷர்.

"ஒரு கோடுகூட வரலையே! அடுத்த வாரமே கோபுரம் வச்சுடலாம். வீட்டுல நெட் வரலைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

தையல்காரர் பேனாவை வாங்கினார். 'பிரமாதம்' என்று மகள் சொன்னது நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. இங்கே கையெழுத்து விழுந்தால் அங்கே வேலை போகும். எங்களைத் திரும்பிப் பார்த்தார். மற்ற ஐந்து அப்பாக்களும் வேண்டாமென்று தலையாட்டினோம். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுல நெட் நல்லா வருதுங்க."

"என்ன சொல்றீங்க? என் போன்ல சுத்தமா இல்லையே?"

ஆறு அப்பாக்களும் ஒரே குரலில் சொன்னோம்:

"உங்க போன்லதான் ஏதோ கோளாறு சார்."